மச்சானின் வேர்ச்சொற்கள்

விடியலுக்கு எல்ஃப் மொழியில் 'ஹராஷ்ஷீன்' என்று பெயர். எல்ஃபுகளை அறியாதவர்களுக்காக ஒரு வரி: கூர்மையான காது, சாகாத ஆயுள், சீப்புப் படாமலே படிந்து நிற்கும் கூந்தல் எல்லாம் வாய்க்கப்பெற்ற கற்பனை இனம்; ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள், காட்டில் குடியிருந்தது. அந்தச் சொல்லைத் தோளில் பச்சை குத்திக்கொண்டவர்கள் சில ஆயிரம் பேர். பெற்ற பெண்ணுக்கே அதைப் பெயராக வைத்தவர்களும் இருந்தார்கள். எல்ஃப் சொற்பிறப்பியல் கழகத்தின் தலைவர், தொழிலால் பல் டாக்டர், அந்த ஒற்றைச் சொல் எப்படிப் பிறந்தது என்று நாற்பத்தாறு பக்கம் கட்டுரை எழுதியிருந்தார். இருளின் கடைசி மூச்சு 'ஹ' என்று வெளியேறுகிறது, ஒளி 'ரா' என்று உடைந்து பரவுகிறது, 'ஷ்ஷீன்' என்பது இலை நுனியில் பனி சிலிர்க்கும் ஓசை என்பது கட்டுரையின் சாரம். கடைசிப் பக்கத்தை மேடையில் படிக்கும்போதெல்லாம் அவர் குரல் தழுதழுக்கும். பல் பிடுங்கும்போது தழுதழுத்ததில்லை என்று அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் சொல்வார்கள்.

உண்மையில் அது அகராதியின் மச்சான் போட்ட தும்மல்.

அகராதி என்பது ஆளின் பட்டப்பெயர். பத்தொன்பது வருடம் ஒரு பேரகராதி அலுவலகத்தில் உதவித் தொகுப்பாளராக இருந்ததால் வந்தது. 'அகராதி பிடித்தவர்' என்ற பொருளில் அழைத்தவர்களும் உண்டு. அவர் இரண்டுக்கும் ஒரே மாதிரி திரும்பிப் பார்ப்பார். அந்த அலுவலகத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளங்கை அளவில் ஓர் அட்டைச் சீட்டு. அதில் நான்கு கட்டம்: சொல், பொருள், யார் வாயிலிருந்து வந்தது, எங்கே எப்போது. மூன்றாம் கட்டம் காலியாக இருந்தால் சீட்டு குப்பைக்கூடைக்கு. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த இந்த விதியை மற்றவர்கள் சுவர் ஓட்டையை மறைக்கும் பொருளாகத்தான் பார்த்தார்கள். அகராதி மட்டும் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார். தலைமைத் தொகுப்பாளரே எழுதித் தந்த சீட்டை ஒருநாள் கூடையில் போட்டுவிட்டு, அதற்கான தண்டனையாகப் பதவி உயர்வை நிரந்தரமாக இழந்தவர்.

உதவித் தொகுப்பாளர் மூன்றாம், நான்காம் கட்டங்களை மட்டும்தான் நிரப்பலாம். பொருள் எழுதுவது பெரியவர்கள் வேலை. பெரியவர்களுக்குத் தனித்தனி அறை, கதவில் தனித்தனிப் பெயர்ப்பலகை. அகராதியின் மேசை, காகித அலமாரிக்கும் தண்ணீர் வடிகட்டிக்கும் நடுவில், நடைபாதையில் கிடந்தது. எனக்கும் ஒரு பலகை வேண்டும் என்று எழுதிக் கேட்டார். பலகை மாட்ட முதலில் கதவு வேண்டுமே என்று எழுதிப் பதில் தந்தார்கள். பத்தொன்பது வருடத்தில் பேரகராதி 'ஆ' வரைக்கும் வந்து, ஆவென்று வாயைப் பிளந்தபடியே இழுத்து மூடப்பட்டது.

அப்போதுதான் விளையாட்டு நிறுவனத்திலிருந்து ஆள் வந்தது. மூன்று வாரத்தில் எண்ணூறு எல்ஃப் சொற்கள் வேண்டும். பழமையாக ஒலிக்க வேண்டும், எங்கிருந்தும் சுட்டதாக இருக்கக் கூடாது, எல்ஃபுகள் மேன்மையான இனம் என்பதால் கொச்சை கூடவே கூடாது. அகராதி தலையாட்டினார். இந்த முறை பொருள் கட்டத்தையும் அவரே நிரப்பலாம் என்பது ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஆறு நாள் சாப்பாட்டு மேசையில் வெற்றுச் சீட்டுகளோடு உட்கார்ந்தார். ஒரு சொல் வரவில்லை. கற்பனை இல்லாமல் இல்லை. ஏதாவது ஒன்று மனதில் எழும், எழுதுவார், பழைய பழக்கத்தில் பொருளைத் தாண்டி நேரே மூன்றாம் கட்டத்துக்குப் போவார், அங்கே கை நின்றுவிடும். யார் வாயிலிருந்து வந்தது? யார் வாயிலிருந்தும் வரவில்லை. கூடைக்குப் போகும். ஏழாம் நாள் கூடை நிறைந்திருந்தது, மேசை காலியாக இருந்தது.

அன்று மாலை வழக்கம்போல மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருப்பு, எதிர்ச் சாரியில் குளியலறைச் சாமான் ஷோரூம். ஆறு மணிக்குக் கடை ஷட்டரை இறக்கினால் ஆறு பத்துக்குத் தங்கை வீட்டு வடக்குப் பக்க நாற்காலியில் இறங்குவார். ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அவருக்குத் தெரியும். எந்த மனிதர் முன்னுக்கு வரவில்லை என்பதும் ஏன் வரவில்லை என்பதும் தெரியும். பேச்சை நிறுத்திய பிறகும் அவர் அடங்குவதில்லை. உண்மையில், பேசாத நேரத்தில்தான் மனிதர் அதிகம் ஒலிப்பார். உட்காரும்போது ஒரு பெருமூச்சு, டீயை உறிஞ்சுவதில் ஒரு நீண்ட இழுப்பு, பல்லிடுக்கில் ஒரு சின்னச் சொடக்கு, அறிவுரைக்கு முன்னால் தொண்டையில் ஒரு கனைப்பு.

ஏழு பத்துக்குத் தும்மினார். சீட்டுகள் பறந்தன. ஒரு சீட்டு மட்டும் அகராதியின் கைக்குக் கீழே மாட்டிக்கொண்டு நின்றது. அவர் அதில் அனிச்சையாக எழுதினார்: ஹராஷ்ஷீன். ஆதாரம்: மச்சான், தும்மல். இடம்: சாப்பாட்டு மேசை, வடக்குப் பக்க நாற்காலி. செவ்வாய், மாலை 7.10. பிறகு இரண்டாம் கட்டத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதினார். விடியல்.

அதற்கப்புறம் மடை திறந்தது. டீ உறிஞ்சல் 'ஸ்ரூயீ' ஆகி நதி என்று பொருள் பெற்றது. நாற்காலியில் அமரும் பெருமூச்சு 'அவ்ஹோமா' ஆகித் தாயகம் ஆனது. கனைப்பு 'க்ரஹ்ஹம்' - நீதி. சாப்பிட்ட பின் வரும் ஏப்பம் 'ஏவ்ரூ' - முன்னோர் ஆசி. பல்லிடுக்குச் சொடக்கு 'ட்ஸிக்'. அதற்குக் காதல் என்று எழுதினார். காதலுக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லையா என்று கேட்பவர்கள் ஏழாம் நாளில் காலி மேசையின் முன் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். மச்சான் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஃப்ரிட்ஜின் உறுமலையும் கதவுக் கீலின் முனகலையும் வைத்துச் சமாளித்தார். மூன்று வாரத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு சீட்டு. எல்லாவற்றிலும் மூன்றாம் கட்டம் நிரம்பியிருந்தது. மச்சான் புது ஷூ வாங்கிய காலிப் பெட்டியில் அவற்றை அடுக்கி அலமாரி மேல் வைத்தார்.

மனைவி ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் படம் எடுப்பவர். எதையும் ஊடுருவிப் பார்த்துவிட்டு, பார்த்ததை முகத்தில் காட்டாமல் இருப்பது தொழில் பழக்கம். ஒருநாள் தூசி தட்டும்போது பெட்டியைத் திறந்து நாலு சீட்டைப் படித்தார்.

"என்னங்க, அண்ணன் பேரை எதுக்கு இதுல எழுதி வெச்சிருக்கீங்க?"

"ஆதாரம்."

"கொலை பண்றவன்கூட ஆதாரத்தை அழிச்சிடுவான். நீங்க பெட்டியில போட்டு அலமாரில ஏத்தி வெச்சிருக்கீங்க."

மூடி மறுபடி அதே இடத்தில் வைத்தார். அண்ணனிடம் சொல்லவில்லை.

விளையாட்டு ஓகோவென்று ஓடியது. எல்ஃப் ராணி போருக்கு முந்தைய காலையில் குன்றின் மேல் நின்று "ஹராஷ்ஷீன்" என்று கைகளை விரிக்கும் காட்சியைப் பார்த்து அழாதவர்கள் இல்லை. அகராதியும் அழுதார், வேறு காரணத்துக்காக. ஆறே மாதத்தில் கழகம் முளைத்தது. பல் டாக்டர் தலைவரானார். ஸ்ரூயீயிலிருந்து 'ஸ்ரூ' என்ற ஆதி வேரைப் பிரித்தெடுத்து, அது பெருகுதல், ஓடுதல், இடைவிடாமல் வருதல் என்னும் கருத்துகளுக்குத் தாய் என்று நிறுவினார்கள். மச்சானின் டீயைப் பொறுத்தவரை அது சரியாகவே இருந்தது. ஹராஷ்ஷீனின் முதல் 'ஹ' ஆதியிலிருந்தே இருந்ததா, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டதா என்பதில் சண்டை வந்து, பதினேழு பேர் வெளியேறிப் போட்டிக் கழகம் கண்டார்கள். இரண்டு கழகத்தாரும் ஒரே பஸ்ஸில் ஏறுவதைத் தவிர்த்தார்கள்.

இரு தரப்பும் அகராதியிடம் வந்து தீர்ப்புக் கேட்டன. அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். சொல்ல என்ன இருக்கிறது? ஜலதோஷம் இருந்ததா இல்லையா என்று மச்சானைத்தான் கேட்க வேண்டும். ஆனால் சும்மா இருப்பவனை ஞானி என்பது எல்லா நாட்டுக்கும் பொது வழக்கம். அகராதியின் மௌனத்தைப் பற்றியே ஒருவர் கட்டுரை வாசித்தார்.

மச்சானுக்கு மட்டும் எதிலும் ஆச்சரியமில்லை. மாப்பிள்ளை ஏதோ பொம்மை விளையாட்டுக்கு வார்த்தை எழுதினார் என்ற அளவில் அவருக்குத் தெரியும். எழுதியது ஒன்றிரண்டு காதில் விழுந்தபோது, "எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கு, மாப்ள" என்று மட்டும் சொன்னார். அகராதி அன்று பெட்டியை அலமாரி மேல் இன்னும் உள்ளே தள்ளி வைத்தார்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. விளையாட்டு நிறுவனமும் கழகமும் சேர்ந்து எல்ஃப் மொழி ஆய்வு மையம் ஒன்றை ஆரம்பிக்கப்போகின்றன. அதற்கு ஒரு தலைமைச் சொல்லறிஞர் வேண்டும். தனி அறை உண்டு. கதவு உண்டு. கடிதத்தின் மூன்றாம் பத்தியில், கதவில் பித்தளையில் பெயர்ப்பலகை பொருத்தப்படும் என்றும் இருந்தது. அகராதி அந்தப் பத்தியை மட்டும் பதினோரு தடவை படித்தார். பதவிக்கு இருவர் பெயர் பரிசீலனையில் இருப்பதாகவும், ஒருவர் அவர், மற்றவர் பல் டாக்டர் என்றும், ஆண்டுக் கூட்டத்தில் அவர் தன் மூலச் சீட்டுகளைச் சபைக்குக் காட்டிவிட்டால் போட்டியே இல்லை என்றும் கடைசிப் பத்தி சொன்னது.

அலமாரி மேல் பெட்டி இருந்தது. அதற்குள் எண்ணூற்றுப் பன்னிரண்டு நாற்காலிச் சத்தங்கள் இருந்தன.

அகராதி புதுச் சீட்டுகள் வாங்கினார். எல்லாச் சொல்லையும் மறுபடி எழுதி, டீத் தண்ணீரில் தோய்த்து, ஜன்னலோரம் காயவைத்து, பார்ப்பதற்குப் பரம்பரைச் சொத்து மாதிரி ஆக்கினார். முதல் இரண்டு கட்டம் தடையில்லாமல் வந்தது. மூன்றாம் கட்டத்தில் 'மூத்த எல்ஃப்' என்று எழுதப் பேனாவை வைத்தார். கை நகரவில்லை. 'பழம்பாடல்' என்று எழுதப் பார்த்தார். நகரவில்லை. தூக்குமேடையில் நிறுத்திக் கேட்டிருந்தால்கூட மற்றப் பொய்களைச் சொல்லியிருப்பார். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் அவரால் முடியவில்லை.

"பொய்ச் சீட்டு எழுத உக்காந்துட்டு, அதுல உண்மைதான் எழுதுவேன்னு அடம் பிடிக்கிற முதல் ஆளு நீங்கதான்" என்றார் மனைவி, ஈரச் சீட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தட்டு வைக்க இடம் தேடியபடி.

கடைசியில் மூன்றாம் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். தடிமனான சீட்டுக் கட்டு, பழுப்பு நிறம், நூல் கட்டு. யார் ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தார். பல் டாக்டர்களுக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் தொழில் என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேடை. இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி. வந்தவர்களில் பாதிப்பேர் ரப்பர் காது ஒட்டியிருந்தார்கள். வரும் வழியில் வெயிலுக்குப் பசை இளகி, சிலருடைய காது கழுத்தை நோக்கிப் பயணப்பட்டுக்கொண்டிருந்தது. ஷோரூம் வேனில் இவர்களைக் கொண்டுவந்து விட்ட மச்சான் வாசலோடு போகவில்லை. ஏசி இருக்கிறதே என்று முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த சத்தம் கேட்டுப் பின் வரிசையில் ஒரு பெண் நிமிர்ந்து பார்த்ததை அகராதி கவனித்தார்.

பல் டாக்டர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, நெற்றியில் பூதக்கண்ணாடி விளக்கை இறக்கிவிட்டு, முதல் சீட்டை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். பத்தாவது வரைக்கும் போனார். பிறகு விளக்கை நெற்றிக்கு ஏற்றினார். சொத்தைப் பல்லைக் கண்டுவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

"மூணாவது கட்டம் எல்லாத்துலயும் காலியா இருக்கே, ஐயா."

அகராதி சிரித்துப் பார்த்தார். இந்த முறை அந்தச் சிரிப்பு ஞானமாகத் தெரியவில்லை.

"மூணாவது கட்டம் காலியா இருந்தா சீட்டைக் குப்பையில போடணும்னு போன வருஷம் பேட்டியில நீங்கதான் சொன்னீங்க. நான் அதை எங்க கிளினிக்ல எழுதி மாட்டியிருக்கேன்." டாக்டர் சீட்டுக்கட்டை மேசை விளிம்புக்கு மெல்ல நகர்த்தினார். விளிம்புக்குக் கீழே உண்மையாகவே ஒரு கூடை இருந்தது.

கதவும் பித்தளைப் பலகையும் அந்தக் கூடையை நோக்கிச் சரிவதை அகராதி பார்த்துக்கொண்டிருந்தார். தன் வேதம் தன்னையே திருப்பிக் கடித்தால் யாரிடம் போய் முறையிடுவது? அந்த நேரத்தில் முதல் வரிசையில் ஒரு கனைப்பு கேட்டது. க்ரஹ்ஹம். சபை சட்டென்று அடங்கியது. எல்ஃப் மொழியில் யாரோ 'நீதி' என்று குரல் கொடுத்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

மச்சான் எழுந்து நின்றார். "டாக்டர் சார், ஒரு நிமிஷம். வீட்டுல அலமாரி மேல என் ஷூ பெட்டி ஒண்ணு இருக்கு. இதே மாதிரி அட்டை நிறைய அதுல பாத்திருக்கேன். மாப்ள பதட்டத்துல வேற கட்டை எடுத்துட்டு வந்துட்டாரு."

"வேணாம் மச்சான்" என்றார் அகராதி.

"நீங்க சும்மா இருங்க. இந்தக் கூச்சம்தான் உங்கள முன்னுக்கு வரவிடல."

வேன் கிளம்பிப் போனது. திரும்பி வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. இடைவேளை என்று அறிவித்து டீ கொடுத்தார்கள். அகராதி மனைவியைப் பார்த்தார். அவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே எலும்பு உடைந்திருக்கிறதா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்து இதுவரை எந்த நோயாளியும் கண்டுபிடித்ததில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்பார்கள். இங்கே தலைக்கு வர வேண்டியதை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வந்தவனுக்கு, மச்சானே வண்டி எடுத்துப்போய் அதைக் கொண்டுவந்து தருகிறார்.

பெட்டி வந்தது. டாக்டர் மறுபடி விளக்கை இறக்கினார். முதல் சீட்டை ஒலிபெருக்கியில் படித்தார்.

"ஹராஷ்ஷீன். விடியல். ஆதாரம்: மச்சான், தும்மல்."

டாக்டர் அடுத்ததை எடுத்தார். ஸ்ரூயீ, நதி, மச்சான், சூடான டீ. அதற்கடுத்தது ட்ஸிக், காதல், மச்சான், பல்லிடுக்கு. அந்த ஒலியைத் தினம் நாற்பது தடவை கேட்பவர் என்பதால் டாக்டரின் முகம் அதில்தான் வெளுத்தது. பின் வரிசையில் யாருடைய காதோ தரையில் விழுந்தது. அது விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனதில் ஓடியது என்ன என்பதை அவரே பின்னால் கழக இதழில் எழுதியிருக்கிறார், ஆகவே ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு தும்மலைப் பற்றி எந்த மனிதனாலும் நாற்பத்தாறு பக்கம் எழுத முடியாது. தானோ நாற்பத்தாறு பக்கம் எழுதியிருக்கிறார். எனவே அது தும்மலாக இருக்க முடியாது. இந்த இடத்துக்கு வந்து சேர அவருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. வந்து சேர்ந்ததும் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"நாமெல்லாம் எவ்வளவு பெரிய தப்பு பண்ணியிருக்கோம்" என்றார் எழுந்து நின்று. "இந்த மொழி உண்டாக்கப்பட்டதுன்னு நினைச்சோம். இது கேட்டு எழுதப்பட்டது. தேதி, நேரம், நாற்காலி உட்பட. அந்த மச்சான்ங்கறவர்..." அவர் குரல் தழுதழுத்தது. "அவர் இன்னும் உயிரோட இருக்காரா?"

முதல் வரிசையில் மச்சான் கையைத் தூக்கினார்.

இருநூறு நாற்காலியும் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தன. எல்லோரும் எழுந்து நின்றார்கள். போட்டிக் கழகத்திலிருந்து ஒளிந்து வந்திருந்த இருவர் ரப்பர் காதுகளைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். மச்சானை மேடைக்கு அழைத்துப்போய் அகராதிக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உட்காரும்போது பெருமூச்சு வந்தது. அவ்ஹோமா. தாயகம். பலர் அழுதார்கள்.

அகராதி ஒலிபெருக்கியைப் பிடுங்கி, அது தும்மல்தான், அது டீதான் என்று சொன்னார். மூன்று முறை சொன்னார். அடக்கம் என்று கைதட்டினார்கள். மூன்றாம் கட்டம் நிரம்பிய சீட்டைச் சந்தேகிக்க எழுதியவருக்கே உரிமை இல்லை என்று டாக்டர் விளக்கினார்.

சீட்டுகளை ஒரு பார்வை பார்த்த மச்சான் கோபித்துக்கொள்ளவில்லை. அகராதி ஒரு வருடமாகப் பயந்த எதுவும் நடக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்தது.

"எனக்கு முன்னாடியே ஒரு சந்தேகம் இருந்துச்சு, மாப்ள" என்றார் மச்சான், குரலைத் தாழ்த்தி. "கடைக்கு வர்றவங்க நான் சொல்றதுல பாதி புரியலைம்பாங்க. புரியாதுதான்."

கைதூக்கித் தீர்மானம் நிறைவேறியது. வாழும் ஒரே மூலப் பேச்சாளர் என்ற முறையில் மச்சான் தலைமைச் சொல்லறிஞர். பல் டாக்டர் ஆய்வு இயக்குநர். சீட்டு எழுதும் கை பழகியிருப்பதால் அகராதி உதவித் தொகுப்பாளர். மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்ற பழமொழியை டாக்டர் நன்றியுரையில் சொன்னார். மலையில் மச்சான் ஏற, அகராதிக்கு அடிவாரம் வாய்த்தது.

மையம் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் திறக்கப்பட்டது. உள் அறைக்குக் கதவு இருந்தது. அதில் பித்தளைப் பலகைக்கு நாலு ஓட்டை போட்டாகிவிட்டது. என்ன எழுதுவது என்பது மட்டும் முடிவாகவில்லை, எல்ஃப் மொழியிலேயே பதவியை எழுத வேண்டும், அதற்குச் சொல் இன்னும் பிறக்கவில்லை என்று டாக்டர் நிறுத்திவைத்திருந்தார். வெளி அறையில், நடைபாதையில், அகராதியின் மேசை. அதற்கு அடுத்து தண்ணீர் வடிகட்டி. பழைய அலுவலகத்தின் படத்தை யாரோ அவர்களிடம் காட்டியிருக்க வேண்டும். எதிர்ச் சுவரில், கயிறு கட்டிய தடுப்புக்குப் பின்னால், அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றது. 'மலை', 'குகை', 'பழங்கோபம்' உட்பட முப்பத்தெட்டுச் சொற்களின் ஆதாரம் என்று அதை ஊர்வலமாக எடுத்துவந்திருந்தார்கள்.

விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு இருநூறு சொற்கள் தேவைப்பட்டன. முதல் நாள் மச்சான் கோட் போட்டுக்கொண்டு வந்தார். அறிஞர்கள் நாற்பது பேர் சுற்றி நின்றார்கள், ஒலிப்பதிவுக் கருவி வாய்க்கு நேரே நீட்டப்பட்டது. டீ வந்தது. மச்சான் அதைச் சத்தமில்லாமல் குடித்தார். இவ்வளவு பேர் பார்க்கும்போது உறிஞ்சுவது மரியாதையில்லை என்று பட்டிருக்க வேண்டும். பிறகு மார்பை நிமிர்த்தி, "ஓராலியாந்தா" என்றார். நாற்பது பேனாவும் ஓடின.

அகராதி பேனாவை மூடி வைத்தார்.

"இது சேராது, மச்சான்."

"ஏன்?"

"யோசிச்சு சொன்னது. வாயிலேர்ந்து வரல."

டாக்டர் வாயைத் திறந்தார். அகராதி சுவரைக் காட்டினார். விதியை இங்கேயும் சட்டம் போட்டு மாட்டியிருந்தது டாக்டர்தான். சீட்டு கூடைக்குப் போனது. அன்று பதினாறு சீட்டு கூடைக்குப் போயின. மறுநாள் இருபது. யோசிக்காமல் இருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து மச்சானுக்கு ஏப்பம்கூட நின்றுபோனது. வயிறு உப்பி, டாக்டர் வேறு டாக்டரைக் கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டாவது வாரம், கூட்டம் கலைந்து மூன்று பேர் மட்டும் மிஞ்சிய ஒரு மதியம், மச்சான் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அகராதியின் மேசைக்கு வந்து நின்றார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் யாரிடமும் அறிவுரை கேட்டுப் பார்த்ததில்லை.

"ஏதாவது பண்ணுங்க மாப்ள. கடைக்குப் போனாக்கூட, குழாயைக் காட்டும்போது வாயே திறக்க மாட்டேங்குது."

அகராதி அந்தப் பழைய ஷூ பெட்டியை எடுத்தார். அலமாரி மேல் இருந்த நாளில் சேர்ந்த தூசியை யாரும் துடைத்திருக்கவில்லை. புனிதமான தூசி என்று விட்டுவைத்திருந்தார்கள். பெட்டியை மச்சானின் முகத்துக்கு நேரே பிடித்து, மூடியின் மேல் ஊதினார்.

மச்சான் பதவியின் பெருமையைக் காப்பாற்ற வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மூக்கு கேட்கவில்லை. 'ம்ப்ஃபிஷ்க்' என்று ஒன்று வெளிவந்தது. ஹராஷ்ஷீனின் கம்பீரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. தரமில்லாத குழாயைத் திருகினால் முதலில் வருமே காற்று, அந்த வகை. ஆனால் சந்தேகமில்லாமல் வாயிலும் மூக்கிலுமிருந்து, யோசிக்காமல் வந்தது. டாக்டர் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

அகராதி ஒரு புதுச் சீட்டை எடுத்தார். சொல்லை எழுதினார். ஆதாரம்: மச்சான், தூசி. இடம்: நடைபாதை. வெள்ளி, பிற்பகல் 3.20. டாக்டர் அதற்குள் வேரைத் தேடிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்; 'ம்ப்' என்பது அறிவு தன்னை அடக்கிக்கொள்ளும் ஓசை என்பது வரைக்கும் வந்திருந்தார். இரண்டாம் கட்டம் ஒன்று இருக்கிறது, அதை யாரோ நிரப்ப வேண்டும் என்பது அங்கே எவருக்கும் தோன்றவில்லை. அகராதி பேனா முனையைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக எழுதினார்.

பொருள்: தலைமைச் சொல்லறிஞர்.

மாதக் கடைசியில் பித்தளைப் பலகை வந்தது. எல்ஃப் எழுத்தில், கீழே எல்லோரும் படிக்கும் எழுத்தில், ம்ப்ஃபிஷ்க் என்று பளபளத்தது. ஓட்டை நாலும் சரியாகப் பொருந்தின. மச்சான் விலகி நின்று பார்த்து, நல்ல கனமான சொல் என்றார். வந்தவர்கள் எல்லோரும் தலைவணங்கி அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் நடைபாதை மேசையில் இருந்தவர் குனிந்து சீட்டுகளை அடுக்கினார். அவர் முகம் யாருக்கும் தெரியவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டார்: "பலகை மாட்டியாச்சாமே?"

"மாட்டியாச்சு."

"யார் எழுதினது?"

"நான்தான்."

மனைவி அவரை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். உள்ளே தெரிந்தது எதுவோ, இந்த முறை உதட்டோரத்தில் கொஞ்சம் வெளியே வந்தது.

"சரி, சிரிச்சது போதும்" என்றார். "பால் கெட்டுப்போகுது. அந்த ஃப்ரிட்ஜை எப்ப கொண்டு வருவீங்க?"